காஷுவாலிட்டிச் சுவர்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலையில் ரேஷ்மி, சொந்தக்காரப் பெண், நர்ஸ் வேலை பார்ப்பவள். தன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கும் ஒரு நர்ஸுக்கும் பேச்சே கிடையாது என்றாள். பின்னே எப்படி வேலை நடக்கும் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் செவரப் பாத்துப் பேசுவாவ அண்ணே," என்று சொல்லிவிட்டு, இலையில் அடைப்பிரதமன் பாயசத்துக்கு இடம் ஒதுக்கினாள். எனக்கு அதன்பிறகு பிரதமன் இறங்கவில்லை.

அவள் சொன்னது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு. ஒரு வரி மட்டும் என்னுடையது அல்ல. அது வரும்போது சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: பேச்சிப்பாறை மலையில் மழை இறங்கி, மின்சாரம் போய்விட்ட ஒரு

வேண்டாம். மழையை வைத்துப் பயமுறுத்துவது சோம்பேறி வேலை. வெயிலடிக்கும் மத்தியானமாகவே இருக்கட்டும்.

மலையடிவாரத்தில் சின்ன ஆஸ்பத்திரி. (நான் கட்டியது. தேடிப் போகாதீர்கள்.) காஷுவாலிட்டியில், அதாவது அவசரச் சிகிச்சை அறையில், இரண்டே பேர்: டாக்டர் அபிலாஷ், நர்ஸ் சண்முகவடிவு. நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். ஒருநாள், நோயாளியின் சொந்தக்காரர்கள் சூழ நிற்கையில், மருந்தின் அளவு சரிதானா என்று வடிவு கேட்டுவிட்டாள். அளவு சரிதான்; அவள்தான் தப்பாக நினைத்திருந்தாள். எந்தக் காலேஜில் படித்தாய் என்று எல்லார் காதிலும் விழும்படி அவர் திருப்பிக் கேட்டார்.

[இங்கே யார் பக்கம் நிற்பதென்று எனக்கே குழப்பம். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்பதும் அவள் வேலைதானே ஐயா?]

வடிவு பாத்ரூமில் போய் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தவள் அதன்பின் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

பிணங்கிக்கொண்ட வீடுகளில் நடப்பது இங்கேயும் நடந்தது. "ட்ரிப் போடணும்" என்று அவர் சுவரிடம் சொல்வார். போட்டுவிட்டு, "போட்டாச்சு" என்று அவளும் சுவரிடம் சொல்வாள். வெளிறிய பச்சைச் சுவர். இப்படியே ஒரு மாதம் ஓடியது, வேலையும் கெடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

3

பொன்னுலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். குளவிக் கூட்டம் கொட்டியதில் முகம் வீங்கிக் கண் மூடிப்போயிருந்தது. தொண்டையும் வீங்கிக்கொண்டிருந்தது, மூச்சு கீச்சுக்கீச்சென்றது. மனைவி பகவதியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். அவள் கதவுக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி நின்றாள்.

உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். தாமதித்தால் ஆள் இல்லை. அபிலாஷ் தலைமாட்டில் நின்று ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்திருந்தார். வடிவு அவருக்குப் பின்னால் குனிந்து, ட்ரிப் ஏற்ற நரம்பு தேடினாள்.

"அட்ரினலின் போடணும்," என்றார் அவர், சுவரிடம்.

மருந்துத் தட்டு அவர் கைக்கும் எட்டும், இவள் கைக்கும் எட்டும். தன் கை நரம்பில் இருப்பது அவருக்குத் தெரியுமே, அவரே போடுவார் என்று வடிவு நினைத்தாள். சொல்லியாயிற்று, அவள் போடுவாள் என்று அவர் நினைத்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வடிவுக்கு நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

அப்போது ஒரு குரல் கேட்டது:

"போட்டாச்சு."

இதுதான் நான் சொன்ன வரி. சத்தியமாக நான் எழுதவில்லை.

4

வடிவு சொன்னதாக வைத்துப் பார்த்தேன். அவள் ட்ரிப் ஊசியை ஒட்டப் பிளாஸ்திரியைப் பல்லில் கடித்திருந்தாள். அபிலாஷ் போடாததைப் போட்டதாகச் சொல்கிற ஆள் இல்லை. பகவதியோ கதவுக்கு வெளியே. பொன்னுலிங்கத்துக்கு மூச்சே வரவில்லை, பேச்சா வரும்? வரியை அழித்தேன். மறுநாள் திறந்தால் அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி இருந்தது. இப்போது வீட்டில் தனியாக இருக்கும்போது இந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. பயமாக இருக்கிறது.

குரல் வடிவுக்கும் கேட்டது. அவள் காதுக்கு அது டாக்டர் குரல்; அவரே போட்டுவிட்டார் என்று நிம்மதியானாள். அபிலாஷுக்கும் கேட்டது, வடிவின் குரலாக; நர்ஸ் போட்டுவிட்டாள் என்று அவரும் நிம்மதியானார். ஒரு மாதமாக இருவர் சொல்லையும் வாங்கி வாங்கி, சுவர் பதில் சொல்லப் பழகிவிட்டது.

5

முடிவு (அ): பொன்னுலிங்கம் போய்விடுகிறார். விசாரணையில் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. இதை எழுதியும் பார்த்தேன். பகவதியிடம் போய்ச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டிய இடத்தில் மனசு வராமல் கிழித்தேன்.

முடிவு (ஆ): ஒரு பெரிய டாக்டர் ஓடி வந்து

சீ, அந்த ஆளுக்கு நான் எங்கே போவேன்?

ஆகவே வடிவையே நம்பினேன். அவள் பொன்னுலிங்கத்தின் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது. மருந்து போன உடம்பாகத் தெரியவில்லை. எடுத்துப் போட்டுவிடலாம்; ஆனால் அவர் ஏற்கெனவே போட்டிருந்தால், இரண்டாவது ஊசி நெஞ்சைப் பிடித்துவிடுமோ? பிளாஸ்திரியைத் துப்பினாள்.

"நான் போடல்ல டாக்டர். நீங்க போட்டியளா?"

அதே நொடியில், அதே வடிவின் குரலில், சுவரிலிருந்தும் வந்தது:

"போட்டாச்சு."

அவளுக்கு முதுகு காட்டி நின்ற அபிலாஷுக்கு இரண்டும் கேட்டன. ஒரு மாதமாக அவர் காதில் வாங்கியதெல்லாம் சுவர் பக்கத்துக் குரல்தான். இப்போது எதை நம்புவார் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வரி யாருடையதாக இருக்குமோ!

நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அந்த மனுஷனுக்கு நேரமில்லை. சொல்லும்போது மட்டும், அபிலாஷ் என்று பேரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.