வாய்மூடானுக்குப் பக்கத்தில் ஒரு படகு

கோட்டுச்சேரிமேட்டில், அரசப்பன் வீட்டு முன்னறையில் நால்வர் இருந்தோம். அவன் மனைவி அஞ்சுகம் வாசற்படியை ஒட்டி, கடல் பக்கம் பார்த்து. மகள் பாரதிப்ரியா கட்டிலில், மடியில் அட்டையும் தாளுமாக. அரசப்பனின் தம்பி குணசேகரன் சுருட்டி வைத்த வலைமேல். அரசப்பனோடு படித்தவன் என்பதால் கடிதம் எழுத என்னை அழைத்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

கடிதம் பாரதிப்ரியாவின் புத்தகத்தைப் பற்றியது. உலகத்தில் இல்லாத டிராகன் இனங்களை அவளாகவே கற்பனை செய்து, படம் வரைந்து, எந்த ஆழத்தில் வாழும், எதைத் தின்னும் என்று விளக்கியிருந்தாள். பாசிவாலன், உப்புமூச்சி, நண்டுதின்னி. அளவு தெரிவதற்காக ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அப்பாவின் ஃபைபர் படகு. அதில் நீலச்சட்டையோடு அப்பா.

ஐப்பசியில் தனியாக வலை எடுக்கப் போன அரசப்பன் திரும்பவில்லை. படகும் அகப்படவில்லை. அதற்குப் பிறகு அவள் வரைந்த கடைசி இனம் வாய்மூடான். அதில் படகு இல்லை. மற்றவை போல இதிலும் படகு வேண்டும், சேர்த்து அனுப்புங்கள் என்று சென்னைப் பதிப்பகம் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது.

"படகு இல்லாமலே போடச் சொல்லி எழுதுங்க மாமா," என்றாள் பாரதிப்ரியா.

"எழுதாதீங்கண்ணே," என்றாள் அஞ்சுகம். "எல்லாத்துலயும் இருக்காரு. இதுல மட்டும் இல்லன்னா என்னடி அர்த்தம்? உங்கப்பாவ நீயே கடல்ல தள்ளிடாத."

குணசேகரன் பேச்சை மாற்றப் பார்த்தான். "நண்டுதின்னிக்கு என் மீசைய வச்சிருக்காண்ணே இவ. கேட்டா, கொழம்பு வாசம் வந்தா இதுதான் மொதல்ல ஆடுதாம்."

அஞ்சுகம் மகள் பக்கம் திரும்பினாள்.

"படக இப்பவே போடு. நான் பாக்கணும்."

பாரதிப்ரியா பென்சிலை எடுத்தாள். நெல்மணி அளவில் ஒரு படகு. அதற்குள் புள்ளியாக ஓர் ஆள். அதுவரை சுவர்ப்பல்லி போலக் கிடந்த வாய்மூடான் அந்தக் கணத்தில் தாள் முழுக்கப் பெருத்துவிட்டது. படகு அதன் கீழுதட்டுக்கு அருகில் இருந்தது.

அஞ்சுகம் எழுந்து வந்து குனிந்தாள்.

"ஏன் இத்தினியூண்டு போட்டிருக்க?"

"அது அவ்ளோ பெருசும்மா."

"இன்ஜின திருப்பிக்கிட்டு வந்துட முடியாதா?"

அஞ்சுகம் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு அடிச்ச காத்துல எங்களாலயே படக திருப்ப முடியல அண்ணி."

அஞ்சுகம் அந்தப் படகின்மேல் விரலை வைத்தாள். பிறகு, "படகு இருக்கட்டும். அவர அழிச்சுடு," என்றாள்.

பாரதிப்ரியாவின் கை எழவில்லை. அஞ்சுகமே ரப்பரை வாங்கி அந்தப் புள்ளியைத் தேய்த்தாள். துகளை ஊதவில்லை, ஒன்றுவிடாமல் விரலால் கூட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

'படகு சேர்த்திருக்கிறோம். ஆள் இல்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம்' என்று எழுதி, படத்தோடு உறையில் வைத்து ஒட்டினேன். குணசேகரன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கோட்டுச்சேரி தபாலாபீசுக்கு வண்டியைக் கிளப்பினான்.