சாம்பல் வீடும் இன்டர்நெட் கம்பியும்

உங்களைக் கேட்காமல் உங்கள் முற்றத்துக்கு மேலே கம்பி இழுத்துவிட்டு, அதற்குக் கீழே நீங்கள் எதுவும் கட்டக்கூடாது என்று ஒருத்தர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

எங்கள் ஊர் கோச்கோரில் என் பக்கத்து வீட்டு புரூல் அக்காவுக்கு அதுதான் நடந்தது. மறுநாள் மகள் ஐஸிரேக்குக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே அறை. அதனால் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது. இங்கே அதற்குப் பேர் போஸ் ஊய், அதாவது சாம்பல் வீடு; வெறும் ஊய் என்றால் வீடு.

சுற்றுத் தட்டி நிறுத்தியாயிற்று. உச்சி வளையத்தைக் கவைக்கோலில் தூக்கினால், பின்வீட்டு மாமித்துக்குப் போகிற இன்டர்நெட் கம்பியில் இடித்தது. கம்பி அறுந்துவிடுமோ என்று பயந்து மாமித் கம்பெனிக்கு போன் போட்டுவிட்டார். கம்பெனி ஆள் ஷார்ஷென் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கம்பிக்குக் கீழ வீடு கட்டக்கூடாதுக்கா. சட்டம். நிறுத்துங்க."

"வீடா? எங்க தம்பி வீடு?"

"ஊய் கட்டுறாங்கன்னுதான் போன் வந்துச்சு."

அக்கா வேலிப்பக்கம் திரும்பினார். "யோவ் மாமித்! 'போஸ்'ஸ என்ன, டீயோட சேத்து முழுங்கிட்டியா?"

மாமித் தொப்பியைச் சரிசெய்தார். "அவசரத்துல விட்டுப்போச்சு."

"நீயே பாரு தம்பி. அஸ்திவாரம் இருக்கா? செங்கல் இருக்கா? நாளன்னிக்கே சுருட்டி வச்சிருவேன். இது வீடுன்னா உன் ஜீப்பும் வீடுதான்."

ஷார்ஷெனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இது கட்டடம் இல்ல. ஆனா கம்பி இடிக்குதே?"

"என் முற்றத்துல கம்பி போட என்கிட்ட யாரு கேட்டா?"

ஷார்ஷென் ஆபீசுக்கு போன் செய்தார். வெகுநேரம் காதில் வைத்திருந்தார். அக்கா இரண்டு கையாலும் கவைக்கோலைப் பிடித்தபடி நின்றார். ஐஸிரேக் வாசலைவிட்டு நகரவில்லை.

"உங்ககிட்ட யாரும் அனுமதி வாங்கலயாம்க்கா," என்றார் ஷார்ஷென், போனை மடக்கி. "உங்க நிலம், நீங்க சொல்றதுதான். நாங்கதான் கம்பிய மாத்தணும்."

அக்கா கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அடி ஐஸிரேக், டீ கொண்டாடி. மாமித்துக்கும் ஒரு கோப்பை குடு, பாவம், நெட்டு போயிருமோன்னு ராத்திரி தூங்கமாட்டான்."

மறுநாள் காலை ஏணியோடு இரண்டு பேர் வந்து கம்பியைக் கழற்றித் தெருக் கம்பத்துக்கு மாற்றினார்கள். ஷார்ஷென் உச்சி வளையத்தைத் தூக்கிப் பிடித்தார்.