உறை போட்ட கை

வீடியோ காலில் முதலில் தெரிந்தது அல்தாப்பின் முகமல்ல, அவன் நெற்றியில் இருந்த கை. நீல உறை போட்ட கை. முடியை ஒதுக்கிவிட்டு, ஆக்சிஜன் மாஸ்கைச் சரிசெய்துவிட்டு, போக மனமில்லாததுபோல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. லப்பைக்குடிக்காட்டில் தன் வீட்டு அறைக்குள் தனித்திருந்த ஜரீனாவுக்கு வயிறு எரிந்தது.

கல்யாணம் ஆனதிலிருந்தே அவள் குடித்தனம் நடத்தியது போனில்தான். அவன் துபாயில், இவள் இங்கே. இரண்டாவது அலைக்குச் சற்று முன்னால் லீவில் வந்தவனைக் கொரோனா பிடித்துக்கொண்டது. இப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் கிடக்கிறான். இன்னமும் போன்தான். கட்டியவளுக்குத் தொட அனுமதி இல்லை. செந்துறைக்காரி நர்ஸ் ஒருத்திக்கு உண்டு. கவச உடைக்குள் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதால் நர்சுகள் மார்பில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெற்றிச்செல்வி. அப்படியானால் தோற்றது யாராம்?

"அக்கா, சார் இன்னிக்குச் சிரிச்சாருக்கா."

யாரைப் பார்த்து என்று கேட்க நாக்கு துடித்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"கொரோனா போயிருச்சும்மா. ஆனா நுரையீரல்ல இப்ப வேற ஒரு கிருமி. மொதல்ல பக்கத்து பெட்டுக்காரருக்கு வந்துச்சு, இப்ப இவருக்கு. எந்த மருந்துக்கும் அடங்க மாட்டேங்குது. மிச்சமிருக்குற ஒரே ஊசியத்தான் போட்டுக்கிட்டிருக்கோம். அதனால இப்பவும் யாரையும் உள்ள விட முடியாது. எப்படித் தாவுதுன்னுதான் புரியல."

ஜரீனா இதற்காகவே காத்திருந்தவள்போலச் சொன்னாள். "எனக்குத் தெரியும் டாக்டர். அந்தச் செல்விதான். பக்கத்து ஆளு தொண்டைக் குழாயத் தொட்ட கையோடயே வந்து எங்க மச்சான் வாயத் தொடுது. நான் போன்ல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கையுறைய மாத்தாமயா?"

"எங்க மாத்துது? அதுமேலயே சானிடைசரத் தடவிக்கிது."

கிருமியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்! அந்தக் கை அவன் நெற்றியை விட்டுப் போனால் போதும் என்றுதான் வத்தி வைத்தாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிட்டது. மறுநாள் டாக்டரம்மா நன்றி சொன்னார். செல்வி மட்டுமல்ல, வார்டே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். நோயாளிகள் குவிந்த வேகத்தில், தங்களைக் காக்கிற உறை நோயாளியையும் காக்கும் என்று இருந்துவிட்டார்களாம். இனி பெட்டுக்குப் பெட்டு புது உறை. பெயர் அடிபட்டதால் வெற்றிச்செல்வியை மட்டும் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜரீனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் கூடுதல்.

அதுவும் நிலைக்கவில்லை. புது நர்ஸ் கரண்டியை நீட்டினால் அல்தாப் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"தண்ணிகூட எறங்கலைங்க. இப்படியே போனா தாங்க மாட்டாரு" என்றாள் அவள். அவன் கண் வாசலிலேயே இருந்தது.

மதியம் வெற்றிச்செல்வியே போன் செய்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே ஜரீனா எடுத்தாள்.

"யாரோ சொல்லிட்டாங்களாம்க்கா, போவட்டும். சொன்னது நெசந்தானே. என் கையாலயே சாருக்கு வந்துருச்சோன்னுதான் தூக்கம் வரல. தண்ணி குடிக்கலயாமே? கரண்டியக் கண்டா பயப்படுவாருக்கா. மொதல்ல பஞ்ச நனச்சு உதட்டுல வைக்கணும். அப்பறம் தானா வாயத் தொறப்பாரு. நீங்க சொல்லிருங்க. நான் சொன்னா இப்ப அங்க எடுபடாது."

சொன்னது நான்தான் என்று ஜரீனா சொல்லவில்லை. இத்தனை வருஷம் பொண்டாட்டியாக இருந்தும் இது தெரியாமல் போச்சே என்பதுதான் அப்போதும் உறுத்தியது.

அடுத்த காலில் புது நர்ஸிடம் சொன்னாள். "கரண்டி வேணாம் சிஸ்டர், பஞ்ச நனச்சு உதட்டுல வைங்க. மச்சான் எப்பவும் அப்புடித்தான்."

"பொண்டாட்டிக்குத்தான் தெரியுது பாருங்க" என்று நர்ஸ் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, உறையை மாற்றிக்கொண்டு பஞ்சை நனைத்தாள்.

ஈரம் பட்டதும் அல்தாப் கண்ணை மூடினான். உதடு மெல்ல விலகியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கை படுக்கைமேல் துழாவிப் போய் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மோவாயில் ஒரு சொட்டு வழிந்தது. ஜரீனா அதைத் துடைக்கத் திரையில் விரல் வைத்தாள். விரல் மூலையில் இருந்த அவளுடைய சின்னப் படத்தில் பட்டிருக்க வேண்டும். அல்தாப் சுருங்கி மூலைக்குப் போனான். திரை முழுக்க அவள் முகமே வந்து நின்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.