தன் வாயால்

புகார் அறையில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் எடுத்ததில்லை. கரண்ட் போனால் ஊர் ஜனம் கூப்பிடுகிற அறை அது. அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க சார்" என்று நாள் முழுக்க யாரையாவது திருத்திக்கொண்டே இருந்ததால் கிடைத்த பட்டம்.

ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு பொத்தான்கள் உண்டு. பேச்சு முடிந்தால் வெள்ளை. கெட்ட வார்த்தை பேசினால் சிவப்பு. சிவப்பை அழுத்தினால் லைன் அறுவதோடு போகாது. அந்த நம்பரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு யாரும் உள்ளே வர முடியாது. அங்கே அவர்கள் அடித்துக்கொண்டே இருக்கலாம், இங்கே மணி கேட்காது. அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை எச்சரிக்க வேண்டும் என்பது விதி.

பக்கத்து மேஜைக்காரி சின்ன வயசு. வாயாடி என்று பெயர் வாங்கியவள். அவள் சிவப்பைத் தொடுவதே இல்லை. எவனாவது அசிங்கமாகப் பேசினால் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அவன் சொன்னதற்கு மேலே இரண்டு படி ஏறித் திட்டிவிட்டு, கையை எடுத்து, "சொல்லுங்க சார், எந்தத் தெரு?" என்பாள். டீச்சருக்கு அதைக் கேட்டாலே உடம்பு கூசும்.

"அது என்னக்கா அப்படிக் கூசறது?" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வாயாடி பிடித்துக்கொண்டாள். "அம்மா எல்லாருக்கும் இருக்காங்க. உறுப்பும் எல்லாருக்கும் இருக்கு. தனித்தனியா சொன்னா டாக்டர். சேர்த்துச் சொன்னா பொறுக்கி. வானமா இடிஞ்சு விழுது?"

டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

"நேத்து ஒரு பெரிய மனுஷன்," என்று அவள் விடவில்லை, "தேன் ஒழுகற குரல்ல, 'உன் வயித்துல பொறக்கறது எதுவும் விளங்காதும்மா'ன்னு சொன்னான். அதுக்குச் சிவப்பு கிடையாதாம். கெட்ட வார்த்தை இல்லையாம். நல்ல வார்த்தையாலயே கருவறுத்துட்டுப் போறான், அவனுக்கு நாம 'நன்றி சார்' சொல்லணும்."

அதற்கு டீச்சரிடம் இருந்த பதிலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எந்த வார்த்தை என்று கேட்க வேண்டாம், தாயைத் தொட்டுத் தொடங்குகிற அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளுடைய அப்பா அதை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் கையைப் பின்னால் அனுப்புவார். வார்த்தை சமையலறை வாசலில் கேட்டதும் அம்மா அடுப்பை அணைப்பாள், இவள் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போவாள். அப்புறம் அடி விழும் சத்தம். அப்பா செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வார்த்தைக்கும் அடிக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளி மட்டும் அவள் உடம்பிலேயே தங்கிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எல்லா லைனும் ஒரே சமயத்தில் அலறின. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர். அப்படி வந்த ஒரு குரல் மூச்சு வாங்கியது. "அம்மா, இந்த..." என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையைச் சொன்னது.

அவள் விரல் சிவப்பின் மேல் இருந்தது. எப்போது போனது, யார் அனுப்பியது, ஒன்றும் தெரியாது. எச்சரிக்கவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. அடுத்த லைன் எரிந்தது, எடுத்தாள்.

கூப்பிட்டவர் ஒரு தையல்காரர். சந்துக்குள் மின்கம்பி அறுந்து, தேங்கின தண்ணீரில் கிடந்திருக்கிறது. திட்டு முன்னால் வந்துவிட்டது. சேதி பின்னால் வரவிருந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறார். மணி போகவில்லை. அக்கம்பக்கத்தில் போன் இருந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்டாட்டியைச் சந்து முனையில் நிறுத்தி, யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு, மின் நிலையத்துக்கே ஓடியிருக்கிறார். அவளும் நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள், சைக்கிள்காரரைத் திருப்பி அனுப்பினாள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து அவள் நின்ற இடத்துக்கும் வந்தது. அவள் பிடித்திருந்தது இரும்புக் கேட்.

சாயங்காலம் டீ குடிக்க வந்த லைன்மேன் இதைச் சொன்னான். எந்தச் சந்து என்று வாயாடி கேட்டாள், சொன்னான். டீச்சர் தன் திரையில் அந்தச் சந்து விலாசத்தில் பதிவாகியிருந்த நம்பரைத் தேடி எடுத்தாள். பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது.

விசாரணை பெரிய அதிகாரி அறையில் நடந்தது. அதற்கு முன்னால் சூப்பர்வைசர் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். "எச்சரிச்சீங்க இல்ல?" என்றார். கேள்வி மாதிரி இல்லை, சட்டையை இழுத்துச் சரி பண்ணிவிடுகிற மாதிரி இருந்தது. அவள் தலையாட்டினாள்.

தையல்காரர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய மாமியார், மகளைப் பறிகொடுத்தவள், கதவோரம் நின்றிருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஒலிப்பதிவைப் போட்டார்கள். "அம்மா, இந்த..." அதற்கப்புறம் நீளமாக ஒரு கீச்சுச் சத்தம். அவ்வளவுதான்.

பெண்கள் இருக்கிற இடத்தில் அந்தப் பகுதியைப் போட முடியாது என்றும், அதனால் அது நீக்கப்பட்டது என்றும், எச்சரிக்கை கொடுத்ததும் அதற்குள்ளேதான் வருகிறது என்றும் சூப்பர்வைசர் விளக்கினார். ஒரு கெட்ட வார்த்தைக்கு அவ்வளவு நீளக் கீச்சு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த வார்த்தையைப் பற்றி அல்லவா பேச வேண்டிவரும்? அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊழியர் விதிப்படிதான் நடந்திருக்கிறார் என்றார். அப்புறம் தையல்காரரைப் பார்த்து, அவர் கெட்டவர் என்று இல்லை, பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்:

"ஒரு பொம்பளைகிட்டப் பேசற பேச்சாய்யா அது? தவளை தன் வாயால கெடும்பாங்க. அந்த நேரத்துல வாயைக் கட்டியிருந்தா..."

தையல்காரர் எழுந்து டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. என்ன சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. நீங்க எச்சரிச்சதும் காதுல விழல."

அவள் சுவரைப் பார்த்தாள். கதவோரம் நின்றவள் மருமகனுக்கு வழிவிட்டு, அவர் தாண்டும்போது, உரக்கக்கூட இல்லாமல் சொன்னாள்: "உன் வாய்தான் என் பொண்ணைத் தின்னுச்சு."

அப்புறம் அந்த ஆள் பேசுவதையே விட்டுவிட்டார் என்று வாயாடிதான் செய்தி கொண்டுவந்தாள். அவள் துணி தைக்கக் கொடுக்கிற கடை அது. அளவு எடுக்கிறார், துணி வெட்டுகிறார், எல்லாம் கைஜாடைதானாம். மாமியார்க்காரி சோற்றைத் தட்டில் போட்டு, வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாளாம். மனுஷன் தின்றாரா, நாய் தின்றதா, பார்ப்பதில்லையாம்.

"ஆயிரம்தான் இருந்தாலும் கரண்ட்ல செத்தவளுக்கு வார்த்தையால செத்தாள்னு எழுதிட்டாங்களேக்கா," என்றாள் வாயாடி. சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் காது கூர்மை. அன்றைக்குப் பக்கத்து மேஜையிலிருந்து எச்சரிக்கை எதுவும் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வாயாடி வாயை மூடிக்கொண்டதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் கதவைச் சாத்தினார். உங்களுக்கு வேலை போகும், எனக்கும் போகும் என்றார். ஓய்வுக்கு எவ்வளவு கொஞ்சம்தான் பாக்கி என்று நினைவுபடுத்தினார். கடைசியில், "அந்தம்மா என்ன திரும்பியா வரப் போறாங்க?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயத்தை இரண்டு நாள் வயிற்றில் வைத்திருந்து பார்த்தாள், செரிக்கவில்லை.

தையல்கடை, வீட்டு முன்னறைதான். மெஷின், வெட்டுப் பலகை, கொடியில் தொங்குகிற அரைகுறைச் சட்டைகள். அவளைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டாள். எச்சரிக்கவில்லை என்று. அவர் காதில் விழாமல் போகவில்லை, சொன்னால்தானே விழும் என்று. சிவப்பை அழுத்தினால் அந்த நம்பர் உள்ளே வராது என்பதையும் சொன்னாள். அது அவருக்கு இதுவரை தெரியாது.

கையிலிருந்த சாக்கட்டியை அவர் பலகையில் வைத்தார். பேசிப் பல நாளானதால் குரல் முதலில் வரவில்லை, இருமிக்கொண்டார்.

"நான் என்னம்மா சொன்னேன்?"

"வேண்டாங்க. அது..."

"எனக்குத் தெரியணும். எல்லாரும் அசிங்கம் அசிங்கம்னாங்க, ஒருத்தரும் என்னன்னு சொல்லல. அந்தக் கீச்சுச் சத்தம்தான் படுத்தா கேட்குது. உங்களை என்ன சொன்னேன்? உங்க அம்மாவைச் சொன்னேனா? பொறந்த வீட்டைச் சொன்னேனா? என்ன சொன்னதுக்கு அவ போனா?"

அவள் தன் ஆயுளில் அந்த வார்த்தையை உச்சரித்ததில்லை. கோபத்தில் இல்லை, தனிமையில் இல்லை, அம்மாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்தும் இல்லை. தையல்காரர் காத்திருந்தார். அவள் சொன்னாள். "அம்மா, இந்த" என்று அவர் தொடங்கினபடியே தொடங்கி, முழுசாகச் சொன்னாள். மெல்லியதாக, ஒப்பிக்கிற பிள்ளையின் குரலில் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. மெஷின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது, அதுகூடப் பறக்கவில்லை.

"இதுவா?" என்றார்.

"இதுதான்."

"இவ்வளவுதானா?" அவர் முகம் சிரிக்கப் போவதுபோல ஒருபக்கமாக இழுத்தது, சிரிப்பாகவில்லை. "நூல் அறுந்தா இதைத்தான் சொல்லுவேன். ஊசி குத்தினா இதைத்தான். அவளே, 'மெஷினுக்கு ஏது அம்மா, அதைப் போய்த் திட்டறியே'ன்னு கேலி பண்ணுவா. இது உங்களைச் சொன்னதில்லம்மா. கம்பியைச் சொன்னது. இந்தக் கம்பி அறுந்து கிடக்குன்னு சொல்ல வந்தேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்குச் சாயங்காலம்."

திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் திட்டவில்லை. உள்ளறையைக் காட்டி, "எங்க அத்தைகிட்டச் சொல்லுங்க," என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. கிழவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஏற்கனவே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மருமகனை ஒருதரம் பார்த்தாள், வந்தவளை ஒருதரம் பார்த்தாள்.

"அவன் உன்னைத் திட்டலையா?"

"இல்லம்மா."

"அப்ப அங்க எல்லார் முன்னாலயும் அவன் உன்னைக் கும்பிட்டானே. கும்பிட்டப்ப நீ எங்க பார்த்த?"

"சுவரைப் பார்த்தேன்."

கிழவி நிலைப்படியை விட்டுவிட்டு, மெதுவாக இறங்கி, தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று டீச்சர் நினைத்தாள். அவள் தன் உள்ளங்கையை வெறுமனே தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவனைத் தெருநாய் மாதிரி வச்சிருந்தேன்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று சொல்ல முடியாது. அப்புறம் நிமிர்ந்தாள். "இதை உங்க ஆபீஸ்ல சொல்லுவியா? அந்தப் பெரியவர் முன்னால?"

"சொல்றேன். வேலை போகும். போகட்டும்."

"அந்த வார்த்தையோடயா? இல்ல, கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டு மூடிடுவாங்களா?"

"வார்த்தையோடதான் சொல்லுவேன்."

"சொல்லு," என்றாள் கிழவி. "சொல்லிட்டு இந்தப் பக்கம் வராதே."