துணி போட பட்டன் இல்லை

அந்த மாலுமியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கப்பல் உடைந்து, நடுக்கடலில் பாய்மரப் படகில் தனியாகத் தவிக்கிறான் என்பது கதை. தவிக்கிற ஆள் இப்படியா இருப்பான்? சாப்பிட்டுக் கை காயவில்லை, அதற்குள் திரையின் மூலையில் பசிக் கோடு சிவந்து, பசிக்கிறது பசிக்கிறது என்று அலறுவான். ஒரு பகலுக்குள் ஒரு கூடை மீனைத் தின்று தீர்ப்பான். கடல் தண்ணீரை மொண்டு குடித்தால் அவனுக்குத் தாகம் தீர்ந்துவிடும். பாயை எதிர்க்காற்றில் விரித்தால் படகு காற்றின் முகத்துக்கு நேராகவே சொகுசாகப் போகும். தகர டப்பாவில் கடல் தண்ணீரை ஊற்றினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் உப்பு. எங்கள் அப்பா மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி மிதித்தே காலைத் தேய்த்தவர். இதைப் பார்த்தால் செருப்பைத் தேடுவார்.

இந்தக் கண்றாவியை விளையாடிக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பேர் டெஸ்டர். பெரிய முதலியார்சாவடியில் ஒரு மாடி வீட்டில் கம்பெனி. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்காக அந்த வருஷம், 2006இல், இந்தக் கேமைச் செய்துகொண்டிருந்தார்கள். குறை ஒன்று கிடைத்தால் கம்ப்யூட்டரில் பதிவேன். என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்று இரண்டு கட்டம் இருக்கும். புரோகிராமர் ராஜ்கமல் அதைத் திருத்துவான். நான் மறுபடி விளையாடிப் பார்த்து வெரிஃபைடு என்று அழுத்தினால் அந்தக் குறை முடிந்தது. திருப்தி இல்லையென்றால் ரீஓபன்.

கடல் தண்ணீர் விஷயத்தை எழுதியபோது முதலாளி சக்கரபாணி சார் சிரித்தார்.

"அது குறை இல்லம்மா மலர், டிசைன்."

"கடல் தண்ணி குடிச்சா செத்துடுவாங்க சார்."

"வெளயாடுறவன் செத்துட்டா யாரும்மா கேம வாங்குவான்?"

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை டெமோ. அது நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். சுனாமி சேற்றைக் கொண்டுவந்து கொட்டிய பாத்திகள் இன்னும் முழுசாகச் சீராகவில்லை, அப்பாவுக்கு வேலை இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது. அதனால் மாலுமி கடலையே குடித்து ஏப்பம் விட்டாலும் பொறுத்துக்கொள்வது என்று இருந்தேன்.

பொறுக்க முடியாமல் போனது அந்தத் தீவில். உடைந்த கப்பலின் ஆட்கள் அங்கே கரையில் செத்து ஒதுங்கிக் கிடப்பார்கள். மாலுமியின் பாய் கிழிந்திருக்கும், ஒட்டுப் போடத் துணி வேண்டும். ஒரு பிணத்தின் பக்கத்தில் போய் பட்டனை அழுத்தினால் சட்டையை உருவிக்கொள்வான். டிங் என்று, பரிசு விழுந்த மாதிரி ஒரு சத்தம். சட்டை அவன் பைக்குள் போய்விடும், பிணம் மாயமாகிவிடும். தொடாமல் விட்ட பிணங்களும் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். கிடந்தால் மெஷினுக்குச் சுமையாம்.

முதல் தடவை அந்த டிங்கைக் கேட்டபோது எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். பிறகு நேராக சார் அறைக்குப் போனேன்.

"இது வேணாம் சார். அசிங்கமா இருக்குது."

"இன்னாம்மா நீ? ரியலிசம் இல்ல, ரியலிசம் இல்லன்னு நீதான கத்துன? உசுரு போற நேரத்துல மனுசன் இதத்தான் செய்வான். இதாம்மா ரியலிசம்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

சுனாமி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அம்மா அம்சவல்லி மீன் வாங்க அனுமந்தைக் கரைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் உலை ஏறாது. இரண்டு நாள் தேடி, கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு வேலிகாத்தான் புதரடியில் அவளைக் கண்டுபிடித்தோம். ஒரு காதில் கம்மல் இல்லை. காதையே அறுத்து எடுத்திருந்தார்கள். தண்ணீர் அப்படி நேராக அறுக்காது.

ஆனால் அவள்மேல் ஒரு லுங்கி போர்த்தியிருந்தது. பச்சைக் கட்டம் போட்டது. காற்று தூக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். இடுப்பில் முடிந்த சுருக்கம்கூடப் போகவில்லை. கட்டியிருந்ததை அவிழ்த்துத்தான் போர்த்தியிருக்கிறார் அந்த மனிதர். பக்கத்து ஊரான கூனிமேட்டு ஆட்கள் அந்தப் பக்கம் தேடிக்கொண்டு வந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மாமா தாய்வீட்டுக் கோடிப் புடவையோடு வந்து லுங்கியை எடுக்கப் போனபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அத எடுக்காத மச்சான். அது மேலயே கோடிய போடு" என்றார். அப்படியே போட்டோம்.

என் அம்மாவிடம் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவன் எடுத்துக்கொண்டு போனான், ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுமே நடந்ததுதான். இவர்கள் கேமில் முதல் ஆளுக்கு மட்டும்தான் பட்டன் வைத்திருக்கிறார்கள்.

சாரிடம் பேசியதற்கு மறுநாள் கேமில் அந்தத் தீவில் இறங்கினேன். கோபத்தில், மாலுமியின் பையிலிருந்த துணி ஒன்றை எடுத்து ஒரு பிணத்தின்மேல் போட்டேன். எந்தப் பொருளையும் எங்கே வேண்டுமானாலும் கீழே போடலாம். பிணத்தின்மேல் போடுவார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. துணி நெஞ்சின்மேல் விரிந்து படிந்தது. மறையட்டும் என்று காத்திருந்தேன். மறையவில்லை. மற்றவர்கள் மறைவதற்குள் ஓடி ஓடி ஒவ்வொருவராகப் போர்த்தினேன். துணி தீர்ந்ததும் படகின் பாயையே அவிழ்த்தேன். அந்தக் கேமில் நான் சந்தோஷமாக விளையாடியது அப்போதுதான். கடைசி ஆளைப் போர்த்தியதும் திரை அப்படியே உறைந்துபோனது. மெஷின் தாங்கவில்லை.

குறையைச் சொல்வதுதான் என் வேலை, மறைக்கவில்லை. உடனே பதிவு செய்தேன். என்ன நடக்க வேண்டும் என்ற கட்டத்தில், 'கேம் நிற்கக் கூடாது. போர்த்தியவர்கள் போர்த்தியபடி இருக்க வேண்டும்' என்று எழுதினேன்.

ராஜ்கமல் சாயங்காலமே திருத்திவிட்டான். போய்ப் பார்த்தேன். துணியைப் பிணத்தின் பக்கத்தில் கொண்டுபோனதும் எரிச்சலாக ஒரு சத்தம். 'இங்கே வைக்க முடியாது' என்று சிவப்பில் ஒரு வரி. ரீஓபன் அழுத்தினேன்.

"போத்த வுடணும்னா ரெண்டு நாள் ஆவும் மலர்," என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல். "டெமோக்கு டைம் இல்ல. இது அஞ்சு நிமிச வேல."

சக்கரபாணி சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"வெரிஃபைடு போடும்மா. மறுபடி ரீஓபன் பண்ணா திங்கக்கெழம நீ வர வேணாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதுவரை அந்த ஆபீஸில் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். மீன் வாங்கப் போனது, புதர், லுங்கி, கம்மல் எல்லாம். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்தேன், அழவில்லை. ராஜ்கமல் தலையைக் குனிந்துகொண்டான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயோ, பாவம்மா. எனக்குத் தெரியாதே," என்றார். உண்மையாகவே குரல் கம்மியது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பினார். "ஏம்பா ராஜ்கமல், பொம்பள பொணம் ஒண்ணு வெச்சா இன்னா? காதுல கம்மல் போட்டு? அத எடுத்து வளச்சி தூண்டி முள்ளு பண்ணிக்கிறான். நம்ம கேம்ல முள்ளு கெடைக்கறதுக்கு வழியே இல்லாம இருந்துச்சி, இல்ல?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

கீபோர்டை இழுத்தேன். என்ன நடக்கிறது: உருவ முடிகிறது. என்ன நடக்க வேண்டும்: போர்த்தவும் முடிய வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரீஓபன் அழுத்தினேன்.

"மலர்!" என்றார்.

டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். என் மெஷினை நிறுத்தவில்லை. பாய் கிழிந்த படகோடு தீவில் நின்றுகொண்டு அந்த மாலுமி பசிக்கிறது பசிக்கிறது என்று அலறுவது கீழ்ப்படி வரைக்கும் கேட்டது. செத்தால் அவன்மேல் துணி போட அங்கே யாருக்கும் வழி இல்லை.