ஜன்னல் வழியாகக் கொடுத்த குழந்தை

கடலைப் பார்க்கப் போகிறேன் என்று ஜெர்சி சொன்னதும் அவள் கணவன் மரியஜோசப் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அவள் மண்ணூரிலேயே இருந்திருப்பாள். யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்திருக்காது.

"நீயும் ரெண்டு வயசுப் புள்ளையும் மட்டுமா? மகாபலிபுரத்துக்கா? ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டுக்கே என்னத் தொணைக்கு இஸ்துகினு போற ஆளு நீ."

"நீ கூட்டிகினு போறேன்னு சொன்னியே, போனியா?"

மே மாதம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். கம்பெனியில் லீவு தரவில்லை. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்தது. கடையும் பஸ்ஸும் நின்றுபோய், தெருவுக்குத் தெரு போலீஸ் வந்து, ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. ஜூனில் கொஞ்சம் தெளிந்தபோது அவனுக்கு ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை வந்துவிட்டது. ஜெர்சிக்கோ கல்யாணமானதிலிருந்து வெளியூர் என்றால் மாமியார் வீடும் பிரசவ ஆஸ்பத்திரியும்தான். கூடப் படித்த லூர்தம்மாள் மகாபலிபுரத்தில் இருந்தாள். ரெண்டு நாள் வந்து இருடி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீ ஓ.டி. பாரு, நான் கடலைப் பார்க்கிறேன் என்று ஜெர்சி கிளம்பிவிட்டாள்.

சிரித்ததற்குத் தண்டனையாக அவனுடைய டிரான்சிஸ்டரையும் சொல்லாமல் எடுத்து ரெக்ஸின் பைக்குள் போட்டுக்கொண்டாள். குழந்தையின் சட்டை, பால் புட்டி, ரொட்டிப் பொட்டலம், மேலே டிரான்சிஸ்டர். சாயங்காலம் வந்து தேடட்டும் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் தாம்பரம் பஸ்ஸைப் பிடித்து ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கினாள். அங்கே சிங்கப்பெருமாள் கோவில் பஸ் மாற வேண்டும். நாலு பக்கமும் ரோடு, இரண்டு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை. அவற்றைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை காய்ந்த வயல். வெயில் மண்டையைப் பிளந்தது. மகன் ஜோயல் இடுப்பில் இருந்துகொண்டு போகிற வருகிற லாரிக்கெல்லாம் டாட்டா காட்டினான். ஒரு வாரமாக அவனுக்கு அதுதான் வேலை. எதிரில் ஆள் இருந்தால் போதும், கை ஆடும்.

பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. அது நிற்பதற்குள் ஜனம் மொய்த்துவிட்டது. கூட்டமான பஸ்ஸில் இடம் பிடிக்க நம் ஊரில் ஒரு முறை இருக்கிறதே, ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவது, குடையைப் போடுவது, கூடையைப் போடுவது. கைக்குழந்தைக்காரி என்றால் குழந்தையையே உள்ளே கொடுத்துவிட்டுப் படிப்பக்கம் ஓடுவாள். உள்ளே இருப்பவர்களும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஜெர்சியின் அம்மா அவளை அப்படித்தான் ஊர் ஊராகக் கொடுத்து வளர்த்தாள்.

ஒரு ஜன்னலில் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் தெரிந்தன. பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"அக்கா, கொஞ்சம் புடிங்க, இதோ ஏறிடறேன்."

முதலில் பை போனது. பிறகு ஜோயல் போனான். ஜெர்சி முன்படிக்கு ஓடினாள். அங்கே கால் வைக்க இடமில்லை. பின்படிக்கு ஓடினாள். அங்கே ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பி கையில் கிடைத்தது. யாரோ முழங்கையால் இடித்ததில் அதுவும் போயிற்று. கண்டக்டர் "அடுத்த வண்டில வாம்மா" என்று சொல்லி இரண்டு விசில் கொடுத்தார்.

"ஐயோ, கொழந்த உள்ள கீது! நிறுத்துங்க, கொழந்த உள்ள கீது!"

உள்ளே ஏறியவர்கள் எல்லோருமே அப்போது எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ஓடினாள். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஓடினாள். தார் காலைச் சுட்டது. வளைவில் பஸ் மறைந்ததும் நின்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இரண்டு கைகளிடம் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள். பஸ் நிற்பது சிங்கப்பெருமாள் கோவிலில். அங்கே ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. ரயில் ஏறிவிட்டால் தாம்பரம், எழும்பூர், அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும். ஜோயலுக்கு அம்மா தெரியும், காக்கா தெரியும். எந்த ஊர் என்று கேட்டால் டாட்டா காட்டுவான்.

நடு ரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்து ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி மொபெட் நின்றது. பால்காரர் கன்னியப்பன், இரண்டு பக்கமும் கேன்.

"இன்னாம்மா ஆச்சி?"

"புள்ள போய்ட்டான்யா. பஸ்ல போய்ட்டான்."

நல்ல மனிதர். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. கேன்களை அவிழ்த்து ஒரு புளியமரத்தடியில் வைத்தார். "ஏறு" என்றார்.

அந்த வண்டிக்கு என்ன வேகம் இருக்க முடியும்? சைக்கிளைவிடக் கொஞ்சம் அதிகம். வழியெல்லாம் ஜெர்சி மாதாவைக் கூப்பிட்டாள். கடலே வேண்டாம், இனிமேல் வாசப்படியைத் தாண்டவே மாட்டேன், அவர் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும், என் பிள்ளையை மட்டும் காட்டிவிடு. எதிரில் யாராவது குழந்தையோடு நடந்து வந்தால் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு குழந்தை.

ஆப்பூர் மலை கண்ணில் பட்ட இடத்தில், ஏரிக்கரையை ஒட்டி, பஸ் நின்றுகொண்டிருந்தது.

உயிர் வந்தது அவளுக்கு. குழந்தையைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து, "ஆண்டவரே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். கிட்டே நெருங்கியபோதுதான் ஒன்று புரிந்தது. பஸ்ஸில் ஆள் இல்லை. அத்தனை பேரும் ரோட்டைவிட்டு இறங்கி, வயலைத் தாண்டி, தூரத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வராத! வண்டியத் திருப்பு! உள்ள பாம் கீது!"

கன்னியப்பன் போட்ட பிரேக்கில் ஜெர்சி கீழே விழப் பார்த்தாள். குதித்து வயலுக்கு ஓடினாள். ஒவ்வொரு இடுப்பாக, ஒவ்வொரு தோளாகத் தேடினாள். கண்டக்டர் தன் பணப்பையை மறக்காமல் எடுத்து வந்திருந்தார். ஒருவர் கோழிக்கூடையை எடுத்து வந்திருந்தார். பச்சை வளையல்கள் தெரிந்தன. கைகள் வெறுமையாக இருந்தன.

"அக்கா, எம் புள்ள எங்க?"

அந்தப் பெண் பஸ்ஸைக் காட்டினாள்.

ஜன்னலில் ஜோயல் நின்றுகொண்டிருந்தான். இவ்வளவு பேர் சேர்ந்து நின்று தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அவர்கள் தன்னை வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, அத்தனை பேருக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தான். ஒருவரும் பதிலுக்குக் கையசைக்கவில்லை.

"அந்தக் கொழந்தைய ஏத்தி வுட்டவங்கதாம்மா பையயும் வெச்சிருக்கணும்," என்றார் ஒருவர். "சந்தேகம் வராம இருக்கக் கொழந்தையோட வெக்கிறாங்களாம். பேப்பர்ல போட்டான்."

ஜெர்சி காதில் அது சரியாக ஏறவில்லை. குண்டு என்ற ஒரு சொல்தான் ஏறியது. அது மனிதரை என்ன செய்யும் என்று போன மாதம் முழுக்க ஊரில் பேசிப் பேசி, கேட்டுக் கேட்டு, அவள் ராத்திரியில் தூங்காமல் கிடந்திருக்கிறாள். கால் நகரவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். "போலீஸ் வரட்டும், இரும்மா." கையை உதறிவிட்டு நடந்தாள்.

ஓடவில்லை. ஓடினால் தரை அதிர்ந்து வெடித்துவிடுமோ என்று பயந்தாள். கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் அவன் குதிப்பான். அடி மேல் அடி வைத்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, படியேறினாள். உள்ளே சீட்டுக்கு அடியில் செருப்புகளும் தூக்குப் பாத்திரங்களும் உருண்டு கிடந்தன. என்ஜின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேறு சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள்.

ஜோயலுக்குப் பக்கத்தில், சீட்டின் மேல், அது இருந்தது. வரிசையாகப் பேட்டரிக் கட்டைகள். சிவப்பும் கறுப்புமாக ஒயர். பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக் குனிந்துகொண்டாள். வெடித்தால் தன் முதுகில் வெடிக்கட்டும் என்று கண்ணை மூடினாள்.

ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தபோது எதிரில் ஒரு ரப்பர் பேண்ட் தெரிந்தது. அதைப் போட்டதே அவள்தான். டிரான்சிஸ்டரின் பின்மூடி உடைந்துபோனதால் மரியஜோசப் கட்டைகளை வெளியில் வைத்து ஒயர் கொடுத்திருந்தான். கட்டைகள் நழுவுகிறதே என்று போன ஞாயிற்றுக்கிழமை அவள்தான் ரப்பர் பேண்டைப் போட்டுக் கொடுத்தாள். யாரோ பையைக் குடைந்து பார்த்து, இதைக் கண்டு, கத்தியிருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பயத்தில் புடவை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். பிறகு கோபம் வந்தது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் டிரான்சிஸ்டர், ஜன்னலுக்கு வெளியே அதைத் தூக்கிக் காட்டினாள். வரப்பில் நின்ற கூட்டம் மொத்தமும் தரையில் விழுந்தது.

"ரேடியோய்யா! பாட்டு கேக்கற ரேடியோ!"

திருகினாள். கடலைக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கன்னியப்பன் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். "நாங்க கொழந்தையக் கூப்டோம்மா, அதுதான் வரல" என்றார் ஒருவர். கண்டக்டருக்கு வெட்கம் எல்லாம் கோபமாக மாறியிருந்தது. "இத்தையெல்லாம் பையில எட்த்துகினு வரலாமாம்மா? சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார்.

"சொல்றதுக்கு என்னிய வண்டில ஏத்தினியா நீ?" என்று ஜெர்சி போட்ட சத்தத்தில் அவர் பின்படிக்கே போய்விட்டார்.

பஸ் கிளம்பியது. பிடித்து வைத்த இடம் அப்படியே இருந்தது. ஜெர்சி உட்கார்ந்தாள். மடியில் ஜோயல். அவள் இறுக்கிய இறுக்கில் அவன் சிணுங்கினான். அவளுக்குப் பிடியைத் தளர்த்த வரவில்லை. பக்கத்தில் பச்சை வளையல்காரி. பெயர் பாப்பம்மாள் என்று அவளே சொன்னாள்.

"நீ பின்னாடி ஏறியிருப்பேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். மடியிலதாம்மா வெச்சிகினு இருந்தேன், ரொட்டிகூட ஊட்னேன். பாம்னு கத்துனதும் கையி தானா வுட்டுச்சி. எறங்குன பொறவுதான் நெனப்பு வந்துச்சி. எனக்கும் வூட்ல மூணு கீது. திரும்பிப் போலாம்னு பாத்தேன், காலு வரல. நீ வர்ற வரைக்கும் அது எனக்கு டாட்டா காட்டிகினே இருந்துச்சிம்மா."

ஜெர்சி வாய் நிறையத் திட்டு வைத்திருந்தாள். நீயெல்லாம் ஒரு தாயா என்று தொடங்குவதற்காகத் திரும்பினாள். பாப்பம்மாளின் கையைப் பார்த்தாள். ஜோயலுக்கு ஊட்டிய ரொட்டித் தூள் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வயலில் நின்றபோது ஜன்னலில் தெரிந்தது வேறு முகமாக இருந்தால்? யாரோ ஒருத்தியின் பிள்ளை, பெயர்கூடத் தெரியாத பிள்ளை. அந்தப் படியில் ஏறியிருப்பேனா? பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. குண்டைவிட அந்த நினைப்புதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஒம் புள்ளையா இருந்திருந்தா," என்றாள் ஜெர்சி, "நானும் ஒங்கூட அந்த வரப்புலதான்க்கா நின்னுகினு இருந்திருப்பேன்."

பாப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஜோயல் அவள் வளையலைப் பிடித்து இழுத்தான். அவனை வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டவில்லை. ஜெர்சியும் கொடுக்கவில்லை.