ஊசிப்பையின் எடை

கீழ்வானில் எழுந்த இளங்கதிர், நெடுமரங்களின் உச்சியைத் தொட்டு, கிளைவழி இறங்கி, இலைதொறும் தங்கித் தங்கி, ஈரம் புலராத நிலத்தை வந்தடைவதற்குள் பொழுது பாதி ஏறிவிடும். அத்துணை அடர்ந்த காடு அது. ஒருபுறம் மலை, மறுபுறம் வண்டித்தடம், இரண்டுக்கும் குறுக்கே, கோடையில் முழங்கால் மட்டும் நனைத்து வழிவிட்டும், மலையில் மழை பெய்துவிட்டாலோ எவரையும் அண்டவிடாமல் சீறியும் ஓடுகின்ற ஓர் ஆறு. அந்த ஆற்றைக் கடந்து, நாற்றுப்பண்ணைக்கு வேண்டிய மரவிதைகளைத் திரட்டுவதற்காக மூவர் அன்று காட்டினுள் நடந்துகொண்டிருந்தனர்.

முன்னே சென்றவன் மரமேறி. வழுக்கு மரமும் அவன் காலுக்கு ஏணி. அவன் பின்னே வந்தவள் அவன் மனைவி. தையற்கடை நடத்துபவள், விதை முற்றும் பருவத்தில் மட்டும் கணவனோடு காடு புகுபவள். கடைசியில் வந்தவன் மரமேறியின் தம்பி. மூட்டை கட்டும் பொறுப்பு அவனுடையது. நிறுத்துப் பாராமல் எதையும் மூட்டையில் ஏற்றாதவன் ஆதலின், பெற்றோர் இட்ட பெயரை மறந்து எல்லோரும் அவனை 'எடைக்கல்' என்றே அழைத்தனர். பல்துலக்கியின் காம்பைப் பாதியாக நறுக்கியவன். சீப்பில் ஒன்றுவிட்டு ஒரு பல்லை ஒடித்தெறிந்தவன். கனத்த கூடாரத் துணியை ஒதுக்கிவிட்டு, வெங்காயத் தோல் போன்ற மெல்லிய துணியொன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, அதன் எடையைக் காண்போரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தவன். அவன் பேச்சைக் கேட்டால் காற்றுக்கும் எடை இருக்கிறதே என்று அவன் வருந்துவது தெரியும்.

அத்தகையவன் கண்ணை அண்ணியின் ஊசிப்பை உறுத்தாமல் இருக்குமா? முரட்டுத் துணியை மடித்து, மெழுகு தடவிய இரட்டை நூலால் ஓரம் முழுதும் நெருக்கி நெருக்கி அவளே தைத்த பை அது. உள்ளே தடித்தும் மெலிந்தும் பல ஊசிகள், விரல்நுனிக்கு இடும் பித்தளைக் கூடு, தேன்மெழுகுக் கட்டி, சிறு கத்தரி, பெரிதும் சிறிதுமாக இரண்டு நூற்கண்டுகள். "காட்டுல யாருக்கு அண்ணி சட்டை தைக்கப் போறீங்க? கரடிக்கா?" என்று அவன் கேட்பதும், "உங்க வாயைத் தைக்கத்தான் தம்பி" என்று அவள் சிரிப்பதும் ஒவ்வொரு முறையும் நடப்பதே. இம்முறை அவன் குறும்பு ஒரு படி மேலே போயிற்று. புறப்படும் காலையில், அவள் பாராத சமயம் பார்த்து, பெரிய நூற்கண்டை எடுத்து வீட்டுப் பலகணியில் வைத்துவிட்டான். திரும்பி வந்ததும் அதைக் காட்டி, இது இல்லாமல் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்டு மடக்குவது அவன் எண்ணம்.

குடி முழுகும் வேளை அன்று உச்சிப்பொழுதிலேயே வந்தது. உளுத்த கிளையொன்று முறிய, மரமேறி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. அவள் அழுது நிற்கவில்லை. கழிகளை அணைத்து வைத்துக் காலைக் கட்டினாள். ஆயினும் பாதம் வெளுத்துக் குளிரத் தொடங்கியது. முதுகில் தூக்கிப் பார்த்தபோது, தொங்கும் காலின் வலி பொறாமல் அவன் உணர்விழந்தான். மலைமேல் முகில் கறுத்து நின்றது. ஆறு பெருகுமுன் கடந்தாக வேண்டும், இல்லையேல் காலும் போகும், உயிரும் போகலாம்.

எடைக்கல் இரண்டு நீண்ட கழிகளை வெட்டி, தன் கூடாரத் துணியை அவற்றில் முடிச்சிட்டுக் கட்டினான். அண்ணனைக் கிடத்தித் தூக்கியதும், முடிச்சு விழுந்த இடமெல்லாம் துணி சரசரவென்று கிழிந்தது. கீழே விழுந்தவன் அலறியது காடெங்கும் கேட்டது. தம்பியின் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று.

அவள் அத்துணியை வாங்கினாள். கிழிசலை உள்ளே தள்ளி நான்காக மடித்து, கழி நுழையுமாறு இருபுறமும் குழல்போல் சுருட்டி, நூலை மெழுகில் இழுத்து, தைக்கலானாள். அடடா, அந்தக் கைகளை என்னென்று சொல்வது! கணவன் முனகல் காதில் விழ, இடியோசை நெருங்கிவர, ஒரு தையலும் அகலவில்லை, ஒரு தையலும் கோணவில்லை. பக்கத்துக்கு இரண்டு வரிசை ஓட்டிக்கொண்டே வந்தவள், கடைசி வரிசையில் ஒரு சாண் எஞ்சியிருக்கையில் சிறு கண்டு தீர்ந்துபோக, பெரியதற்காகப் பைக்குள் கைவிட்டாள், துழாவினாள், பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"அண்ணி, அது அதுல இல்ல" என்றான் எடைக்கல். "நான்தான் எடுத்து ஜன்னல்ல வெச்சுட்டு வந்தேன். விளையாட்டுக்குத்தான் செஞ்சேன்."

அவள் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திராது.

"வையறதுக்கு இப்ப நேரம் இல்ல தம்பி. இந்தப் பையைப் பிரிங்க. இழுக்காதீங்க, அறுந்துடும். ஊசி முனையால ஒவ்வொரு தையலா எடுங்க."

மூட்டை கட்டிப் பழகிய முரட்டு விரல்களில் ஊசியைப் பிடித்து, எதைச் சுமையென்று இத்தனை நாள் ஏளனம் செய்தானோ அதன் ஓரத்தில் அவன் குனிந்தான். ஒவ்வொரு தையலும் அவள் பொறுமையின் அளவைக் காட்டுவதாய், எடுக்க எடுக்க வராமல் முரண்டு, பின் மனமிரங்கி வந்தது. வளைவு வளைவாய் மடிந்த பழைய நூல் அறாமல் அவன் மடியில் சேர்ந்தது. பை வெறுந்துணியாய்ச் சரிந்தது. அந்நூலை அவள் மீண்டும் மெழுகில் இழுத்துக் கோத்து, எஞ்சிய சாணையும் தைத்து முடித்தாள்.

ஆற்றில் இறங்கியபோது நீர் இடுப்பளவு ஏறியிருந்தது. முன்னே தம்பி, பின்னே மனைவி, நடுவில் தூக்குப்படுக்கையில் மரமேறி. துணி தாழ்ந்து விம்மிற்று, தையல் நெறுநெறுத்தது. ஆனால் ஓர் இழையும் விடவில்லை. நட்டாற்றில் மரமேறி கண்விழித்து, "என்னையும் நிறுத்துப் பாத்தியாடா?" என்று கேட்டான்.

"பேசாம படுண்ணே" என்றான் தம்பி. அவன் அழுதுகொண்டிருந்தான்.

இன்னும் சற்றுத் தாழ்த்திருந்தால் காலை எடுக்க நேர்ந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அன்று வீடு திரும்பியதும் எடைக்கல் பலகணியிலிருந்த நூற்கண்டை எடுத்தான். பிரித்த துணியை மடியில் விரித்து, விரலெல்லாம் குத்துப்பட்டு, பையைத் தைத்து அண்ணியிடம் நீட்டினான். தையல் ஏறியும் இறங்கியும் குடித்தவன் நடைபோல் போயிருந்தது. கடையில் பிறர் தையல் மயிரிழை கோணினாலும் பிரித்தெறியும் அவள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசிகளை உள்ளே வைத்தாள்.

அடுத்த பருவத்தில் மரமேறி மீண்டும் காடு புறப்பட்டபோதும் எடைக்கல் எல்லாவற்றையும் நிறுத்தான். தன் துண்டையும் நிறுத்தான். ஊசிப்பையை மட்டும் தட்டில் வைக்காமல், அண்ணியின் கையிலிருந்து வாங்கித் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டான். நாம் சுமப்பது எது, நம்மைச் சுமப்பது எது என்று பகுத்துச் சொல்லும் நிறைகோலை இவ்வுலகில் இன்னும் எவரும் செய்திலர். அந்தக் கோணல் தையலையோ, அவள் இன்றளவும் பிரிக்கவில்லை.